காட்டு ஓடுபாதைக்கு ஒரு பழைய டெயில்வீல் விமானம்: பட்ஜெட்டுக்குள் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பழைய டெயில்வீல் விமானம், அதாவது மூக்கில் சக்கரம் இல்லாமல் வாலில் சிறு சக்கரம் கொண்ட விமானம், வாங்க நினைக்கிற பலரும் விளம்பரப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். மஞ்சள் பெயின்ட், பெரிய டயர், பின்னால் பைன் மரங்கள். படத்தைப் பார்த்ததுமே மனசு போய்விடுகிறது. எடைத்தாள் கைக்கு வருவது கடைசியில்தான். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கே இறங்கப் போகிறோம், எவ்வளவு சுமை தூக்க வேண்டும், எலும்புக்கூடு நன்றாக இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு மாடலின் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கன்ட்ரி என்று நான் சொல்வது அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா, யூட்டா, அலாஸ்கா போன்ற மாநிலங்களில் மலைப் பள்ளத்தாக்குகளிலும் காட்டுக்குள்ளும் இருக்கும் புல், மண், கூழாங்கல் ஓடுபாதைகளை. இந்தப் பறத்தலுக்குப் பெயர்போனவை பைப்பர் சூப்பர் கப்பும் செஸ்னா 180-உம். இரண்டுமே அருமையான விமானங்கள், ஆனால் நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் அவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

மிச்சம் இருப்பவை ஏராளம். 1946-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 30,000-க்கும் மேல் சிறு விமானங்களைக் கட்டின. போரிலிருந்து திரும்பிய விமானிகள் எல்லோரும் சொந்தமாக ஒன்று வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே சந்தை படுத்துவிட்டது. இன்று நம் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் விமானங்களில் பல அந்த ஓராண்டு வெள்ளத்தில் வந்தவைதான்.

முதல் படி: எங்கே இறங்கப் போகிறீர்கள்?

ஆற்று மணல்திட்டில், 500 அடிக்குள், கல்லுக்கு நடுவே இறங்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு அதற்கென்றே விமானம் தேடுகிறவர்கள் உண்டு. வாங்கிய பிறகு முதல் சில வருடங்கள் அவர்கள் போவது நன்றாக வெட்டிப் பராமரிக்கப்பட்ட புல்தரைகளுக்குத்தான். போக வேண்டியதும் அங்கேதான். ஆகவே நீங்கள் உண்மையிலேயே போகப்போகிற ஐந்து ஓடுபாதைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் நீளம், கடல் மட்டத்திலிருந்து உயரம், எந்த மாதம் போவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு ஐடஹோவின் ஜான்சன் க்ரீக். 3,400 அடி நீளமுள்ள அழகான புல்தரை. நீளத்தை மட்டும் பார்த்தால் எந்த விமானமும் போகும் என்று தோன்றும். ஆனால் அதன் உயரம் 4,933 அடி. அந்த உயரத்தில் சராசரி வளிமண்டலக் கணக்குப்படி வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ்தான் இருக்க வேண்டும். ஜூலை மதியம் 30 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடியைக் கூட்டினால் இன்னொரு 3,000 அடி ஏறுகிறது. அதாவது உங்கள் விமானத்தின் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதை.

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். 65 குதிரைத்திறன் எஞ்சினிடம் அந்த மதியத்தில் 50 தான் மிஞ்சும். அந்த 50-ஐ வைத்துக்கொண்டு, இரண்டு பேரோடு, பள்ளத்தாக்குச் சுவருக்கு நடுவே திரும்பி ஏற வேண்டும். விடியற்காலையில், தனியாக, பாதி டேங்கில் என்றால் அதே விமானத்துக்கு அது சாத்தியம். இந்தக் கணக்கை உங்கள் ஐந்து ஓடுபாதைகளுக்கும் போட்டுப் பாருங்கள். எவ்வளவு எஞ்சின் வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பொதுவான கோடு போடலாம். உங்கள் இடங்கள் 2,000 அடி உயரத்துக்குள் இருந்தால் 65 முதல் 90 குதிரைத்திறன் வரை உள்ள இருவர் விமானங்கள் பெரும் சந்தோஷம் தரும். மேற்கு மலைகளில் கோடையில் துணையோடும் கூடாரத்தோடும் போக வேண்டும் என்றால் 145 குதிரைத்திறனுக்குக் கீழே தேடாதீர்கள்.

இரண்டாம் படி: எடைக் கணக்கு

நான் யாருக்கு யோசனை சொன்னாலும் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது ஏற்றக்கூடிய சுமை. அதிலிருந்து பெட்ரோலைக் கழித்தால் மனிதர்களுக்கும் மூட்டைக்கும் மிஞ்சுவது. விமான பெட்ரோல் ஒரு கேலனுக்கு 6 பவுண்ட்.

செஸ்னா 140-ஐ எடுத்துக்கொள்வோம். வரம்பு 1,450 பவுண்ட். ரேடியோ, ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் சேர்ந்து வெற்று எடை 950 என்று வைத்துக்கொண்டால் சுமை 500. டேங்க் இரண்டும் சேர்த்து 25 கேலன், அதாவது 150 பவுண்ட். மிஞ்சுவது 350. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் தீர்ந்தது, தூங்கும் பைக்குக்கூட இடமில்லை. பைப்பர் ஜே-3 கப்புக்கு வரம்பு 1,220 தான், ஆனால் மின்சாதனம் எதுவும் இல்லாத கப் 780 பவுண்டுக்குள் இருக்கும். 12 கேலன் போக அதற்கும் ஏறத்தாழ 370 பவுண்ட் மிஞ்சுகிறது! சின்ன விமானம் பெரியதை ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது. ஜெயித்தது டேங்க் சின்னது என்பதால். இரண்டரை மணி நேரத்துக்குள் எங்காவது இறங்கியாக வேண்டும்.

இப்போது நால்வர் விமானங்கள். செஸ்னா 170பி-யின் வரம்பு 2,200. வெற்று எடை 1,300, முழு டேங்க் 42 கேலன் என்று போட்டால் சுமார் 650 பவுண்ட் மிச்சம். 150 குதிரைத்திறன் கொண்ட, வால்சக்கரத்துக்கு மாற்றப்பட்ட பைப்பர் ட்ரை-பேசரும் ஏறக்குறைய அதே அளவு தரும். ஸ்டின்சன் 108-3-க்கு வரம்பு 2,400. 50 கேலன் நிரப்பிய பிறகும் 700 பவுண்டுக்கு மேல் தாங்கும். நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேரை மலைக்கு ஏற்றாதீர்கள். பேக்கன்ட்ரியில் இவை இருவரும் ஒரு முகாமும் ஏறும் விமானங்கள், அந்த வேலைக்குக் கச்சிதம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. பல பழைய விமானங்களைத் தராசில் நிறுத்தியே பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். ரேடியோ போட்டபோது 4 பவுண்ட், மெத்தை மாற்றியபோது 3 பவுண்ட் என்று தாளில் கூட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். மூன்று முறை பூசிய பெயின்ட் அந்தத் தாளில் இருக்காது. ஆகவே விற்பவரிடம் “கடைசியாகத் தராசில் வைத்தது எப்போது?” என்று கேளுங்கள். எடை 10 சதவீதம் கூடினால் தரையிலிருந்து எழும்ப ஓடும் தூரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். தூரம் எடையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆயிரம் அடிப் பாதையில் இது உயிர் சம்பந்தப்பட்ட எண்.

மூன்றாம் படி: பயிற்சியும் காப்பீடும், வாங்குவதற்கு முன்பே

டெயில்வீல் விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது மூக்கு ஒரு பக்கம் திரும்பத் தொடங்கினால், பின்னால் இருக்கும் எடை முன்னே வர முயன்று அந்தத் திருப்பத்தை இன்னும் பெரிதாக்கும். கால்கள் உடனே பதில் சொல்லாவிட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, இறக்கை நுனி தரையைத் தட்டும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். அப்படியிருந்தும் காட்டுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் குழியில் சிக்கி உடையக்கூடிய மூக்குச்சக்கரம் கிடையாது, புரொப்பெல்லர் கல்லிலிருந்து எட்டி நிற்கும், பின்னால் இருப்பது எளிய, லேசான சக்கரம்.

அமெரிக்க விதிகளில் 61.31-ஆம் பிரிவின்படி இதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே டெயில்வீலில் பொறுப்பு விமானியாகப் பறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பக்கக்காற்றில் ஏறி இறங்குவது, வாலைத் தூக்கியபடி முன்சக்கரங்களில் இறங்குவது, இறங்காமல் மீண்டும் ஏறுவது மூன்றும் பாடத்தில் உண்டு. இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்சம் விதியில் இல்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உண்டு. டெயில்வீல் அனுபவம் குறைவாக இருந்தால் குறிப்பிட்ட மணி நேரம் பயிற்சியாளரோடு பறந்த பிறகுதான் தனியாகப் போகலாம் என்று நிபந்தனை வைப்பார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலுக்கும் உங்கள் அனுபவத்துக்கும் காப்பீடு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சில நேரம் அந்த ஒரு தொலைபேசி அழைப்பிலேயே மாடல் மாறிவிடும்.

ஸ்போர்ட் பைலட் உரிமம் (சிறு, எளிய விமானங்களுக்கான உரிமம்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. முன்பு மொத்த எடைக்கு 1,320 பவுண்ட் வரம்பு இருந்ததால் ஜே-3 கப், ஏரோங்கா சாம்ப், டெய்லர்கிராஃப்ட் போன்றவைதான் கிடைத்தன. அதனாலேயே அவற்றின் விலை ஏறியிருந்தது. 2025 அக்டோபர் 22 முதல் எடைக்குப் பதில், விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை வைத்த வரம்பு வந்துவிட்டது. செஸ்னா 140, 170 போன்றவையும் இப்போது எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நான்காம் படி: வேட்பாளர்கள்

ஜே-3 கப், சாம்ப், டெய்லர்கிராஃப்ட் மூன்றும் 65 குதிரைத்திறன் குடும்பம். கப் அழகு, கதவைத் திறந்து வைத்துப் பறக்கலாம், ஆனால் பெயருக்கே கூடுதல் விலை கொடுக்க வேண்டும். தனியாக ஓட்டும்போது பின் இருக்கையில் உட்கார வேண்டும். சாம்பில் முன்னால் உட்காரலாம், முன்பார்வை நன்றாக இருக்கும், தரையில் மென்மையாக இறங்கும். முதல் டெயில்வீல் வாங்குகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது சாம்ப். டெய்லர்கிராஃப்ட் பிசி-12டி இவற்றில் வேகமானது, அதே எஞ்சினில் மணிக்கு 95 மைல் வரை போகும். ஆனால் உள்ளே நெருக்கம், இறங்கும்போது தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். குட்டைப் பாதையில் வேகத்தைத் துல்லியமாகப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரி.

லஸ்கம் 8 உலோக உடல் கொண்டது, விலைக்கு நிறையத் தருகிறது. சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் தரையில் கால் வேலை கூடுதல். கரடுமுரடான இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செஸ்னா 120-உம் 140-உம் சேர்த்து 7,000-க்கும் மேல் கட்டப்பட்டன. எஃகுப் பட்டையாலான சக்கரக் கால் ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்தது. பராமரிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், வளைந்து கொடுத்து மேடுபள்ளத்தைத் தாங்கும். 140-இன் ஃபிளாப்புகள் (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) பெயருக்குத்தான், 120-இல் அவையும் இல்லை. 85 குதிரைத்திறன் கொண்ட இவை தாழ்ந்த நிலப் புல்தரைகளுக்கு நல்ல துணை, உயரமான மலைகளுக்குப் போதாது.

செஸ்னா 170 விஷயத்தில் எழுத்து முக்கியம். 1948-இல் வந்த முதல் மாடலுக்குத் துணி இறக்கை. 1949-இல் வந்த 170ஏ முழு உலோகம். 1952 முதல் 1956 வரை வந்த 170பி-க்குத்தான் பின்னால் நகர்ந்து 40 டிகிரி வரை இறங்கும் பெரிய ஃபிளாப். காட்டுக்கு வேண்டியது அதுதான். செங்குத்தாக இறங்கி மெதுவாகத் தரையைத் தொட முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே 170பி மற்ற இரண்டைவிட விலை கூடுதல். கொடுக்க முடிந்தால் கொடுங்கள். 145 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் கான்டினென்டல் எஞ்சின் மென்மையானது, ஆனால் வெயிலில் உயரத்தில் மூச்சு வாங்கும்.

அடுத்தது என் மனதுக்கு நெருக்கமானது: மாற்றப்பட்ட ட்ரை-பேசர். 1951 முதல் பைப்பர் மூக்குச்சக்கரத்தோடு விற்ற பிஏ-22 விமானத்தை, ஒப்புதல் பெற்ற கிட் மூலம் வால்சக்கரத்துக்குத் திருப்பியிருப்பார்கள். ஆவணங்களில் பிஏ-22/20 என்று இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் 150 அல்லது 160 குதிரைத்திறன் லைக்கமிங் ஓ-320, அந்த எஞ்சினுக்கு உதிரிபாகம் இல்லாத ஊர் கிடையாது. இந்தச் சக்தியை, இவ்வளவு சுலபமாகப் பராமரிக்கக்கூடிய எஞ்சினில், இந்த விலைக்கு வேறு நால்வர் டெயில்வீல் தருவது அரிது. குறை ஒன்றுதான்: இறக்கை குட்டை. எஞ்சினைக் குறைத்தால் கல் மாதிரி இறங்கும். அதற்குப் பழகிவிட்டால் மரங்களைத் தாண்டி உள்ளே இறங்க அதுவே வசதியாகிவிடும்.

ஸ்டின்சன் 108, 1946-க்கும் 1948-க்கும் இடையில் 5,000-க்கும் மேல் வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் நிலையான ஸ்லாட் (காற்று புகும் இடுக்கு) இருப்பதால் மெதுவான வேகத்திலும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) கட்டுப்பாடு விட்டுப்போகாது. சுமையும் தாங்கும், விலையும் குறைவு. விலை குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் ஃப்ராங்க்லின் எஞ்சின். அதன் உற்பத்தி உரிமை 1970-களில் போலந்துக்குப் போனது, பாகங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். உடலுக்கான பாகங்களை யூனிவேர் நிறுவனம் இன்றும் தருகிறது. ஏற்கெனவே லைக்கமிங் அல்லது கான்டினென்டலுக்கு மாற்றப்பட்ட ஸ்டின்சன் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பைப்பரின் பிஏ-12 சூப்பர் க்ரூசர்தான் சூப்பர் கப்புக்கு மிக அருகில் வருவது. ஃபிளாப்பும் 150 குதிரைத்திறனும் சேர்த்தவை இப்போது விலை எகிறிவிட்டன, மாற்றம் செய்யாதவை மட்டும் எட்டும். 1964-இல் தொடங்கிய சிட்டாப்ரியாவைப் பழமை என்று சொல்ல மனம் வராவிட்டாலும், ஃபிளாப் கொண்ட 7ஜிசிபிசி மாடல் பட்டியலில் இருக்கத் தகுதியானது.

ஐந்தாம் படி: காகிதங்கள்

விமானத்தைப் பார்க்க ஊர் விட்டு ஊர் போவதற்கு முன் காகிதங்களை வரவழையுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.-இன் பதிவேட்டிலிருந்து அந்தப் பதிவெண்ணுக்குரிய முழுக் கோப்பையும் வாங்கலாம். பெரிய பழுது, பெரிய மாற்றம் எல்லாம் 337 என்ற படிவத்தில் அங்கே இருக்கும். கூடவே அந்த விமானத்தின் மேல் கடன் எதுவும் நிலுவையில் உள்ளதா என்று ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் அதே பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். இதற்குச் செய்யும் செலவு மொத்த விலையில் தூசி.

337 படிவங்களை லாக்புக்கோடு ஒப்பிட்டுப் படியுங்கள். “வலது இறக்கை நுனி மாற்றம், புரொப்பெல்லர் மாற்றம்” ஒரே மாதத்தில் இருந்தால் அது கிரவுண்ட் லூப். எழுபது வயது டெயில்வீலில் அப்படி ஒன்று இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்களா, ஸ்பாரை, அதாவது இறக்கையின் முதுகெலும்பான நீள உத்திரத்தை, ஆராய்ந்தார்களா என்பதுதான் கேள்வி. பெரிய டயர், வேறு எஞ்சின், கூடுதல் டேங்க் எதுவாக இருந்தாலும் அதற்கான எஸ்.டி.சி. (மாற்றத்துக்கு எஃப்.ஏ.ஏ. தரும் துணைச் சான்றிதழ்) அல்லது கள ஒப்புதல் (அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் தரும் அனுமதி) காகிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது, அந்தத் தலைவலி வாங்குபவரோடு வந்துவிடும்.

கட்டாய உத்தரவுகள், அதாவது ஏ.டி.க்கள், தனிப் பட்டியலாக இருக்கிறதா பாருங்கள். பைப்பர்களுக்கு இறக்கை ஸ்ட்ரட் (உடலிலிருந்து இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கால்) பற்றிய 2015-08-04 முக்கியம். பழைய ஸ்ட்ரட்களை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. மூடி முத்திரையிட்ட புதிய ஸ்ட்ரட் போட்டிருந்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது, அதற்காகக் கொஞ்சம் விலை கூட்டிக் கொடுக்கலாம். சிட்டாப்ரியாவுக்கு மர ஸ்பார் பற்றிய 2000-25-02.

ஆறாம் படி: கை வைத்துப் பார்ப்பது

இரும்புக் குழாய் உடல் கொண்ட விமானம் வாலிலிருந்து அழுகத் தொடங்கும். வால் தரையில் இருப்பதால் உள்ளே சேரும் தண்ணீர் எல்லாம் கீழ்க் குழாயின் கடைசி முனைக்கு ஓடி நிற்கும். ஒரு பைப்பர் பேசரைப் பார்க்கப் போயிருந்தேன். பெயின்ட் புத்தம் புதிது, உள்ளே தோல் இருக்கை. மெக்கானிக் மல்லாந்து படுத்து, வால்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்த சோதனை மூடியைத் திருகி எடுத்து, விரலால் குழாயைத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் சொத்தென்று மாறியது. ஊசியை வைத்து அழுத்தினார். பிஸ்கட்டில் நுழைவது போல நுழைந்தது. துளையிலிருந்து பழுப்புத் தூள் அவர் மணிக்கட்டில் கொட்டியது. மேலே புதிதாகப் பூசியிருந்த துணியை வெட்டாமல் அந்தக் குழாயை மாற்ற முடியாது. பார்க்கப் போன செலவோடு அது முடிந்ததில் எனக்கு இன்றும் நிம்மதி.

பைப்பர்களில் ரட்டரின், அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடலின், நடுத்தூணையும் விடாதீர்கள். பழைய 1025 கார்பன் எஃகில் செய்த தூண்கள் அலாஸ்காவில் பறக்கும்போதே முறிந்திருக்கின்றன. அவற்றின் உச்சியில் பெரிய விளக்கு பொருத்தியிருந்தால் இன்னும் கவனம். பிற்காலத்து 4130 எஃகு ரட்டர் இருந்தால் நல்லது.

மர ஸ்பார் இருந்தால், ஸ்ட்ரட் வந்து சேரும் இடத்தில் ஒட்டியிருக்கும் பலகையின் விளிம்புகளைக் கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கை நுனி தரையில் அடிபட்ட விமானத்தில் மரநார்கள் நசுங்கி, முடியளவு மெல்லிய குறுக்குக் கோடு அங்கேதான் தோன்றும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

துணியின் ஆயுள் அது எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. ஹாங்கரில் நின்ற பாலியஸ்டர் துணி பல பத்தாண்டு தாங்கும், வெயிலில் நின்றது தாங்காது. இறக்கையின் மேல்பக்கத்தில், கருமையான நிறம் பூசிய இடத்தில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முழு விமானத்துக்கும் துணி மாற்றுவது பல நூறு மணி நேர வேலை. சின்ன விமானங்களில் அந்தச் செலவு வாங்கிய விலையையே தொட்டுவிடும்.

உலோக விமானத்தில் பார்க்க வேண்டியது வேறு. செஸ்னாக்களில் சக்கரக் கால் உடலில் நுழையும் பெட்டி போன்ற பகுதி, தரைப் பலகையைக் கழற்றினால் தெரியும். அங்கே விரிசல், தளர்ந்த ரிவெட், வெளித்தகட்டில் சுருக்கம் எது இருந்தாலும் யாரோ பலமாக இறக்கியிருக்கிறார்கள். வால் ஸ்ப்ரிங் பிடிக்கும் தாங்கியிலும் விரிசல் தேடுங்கள். லஸ்கத்தில் இறக்கைகளை இணைக்கும் ஸ்பாருக்குள் அரிப்பு.

எஞ்சினில் மொத்த மணி நேரத்தைவிட, கடைசி ஐந்து வருடம் எவ்வளவு பறந்தது என்று பாருங்கள். ஓ-320-க்கு 2,000 மணி, செஸ்னா 170-இல் வரும் கான்டினென்டல் ஓ-300-க்கு 1,800 மணி என்பது தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) இடைவெளி. ஆனால் ஓவர்ஹாலுக்குப் பிறகு 300 மணிதான் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் எஞ்சின் இருபது வருடம் ஹாங்கரில் தூங்கியிருந்தால், லைக்கமிங்கில் மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் எண்ணெய் வடிந்து துருப்பிடித்திருக்கலாம். வாரம் ஒருமுறை பறந்த 1,200 மணி எஞ்சினைத்தான் நான் எடுப்பேன். அழுத்தச் சோதனையோடு வால்வுகளைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதிக்கும் மெக்கானிக் உங்கள் ஆள், விற்பவரின் ஆள் அல்ல. அந்த மாடலை முன்பே பிரித்துப் பார்த்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க இன்டர்நேஷனல் செஸ்னா 170 அசோசியேஷன், ஷார்ட் விங் பைப்பர் கிளப் போன்ற மாடல் சங்கங்களில் கேளுங்கள். பல வருட அனுபவத்தை மனதாரப் பகிர்ந்துகொள்கிற கூட்டம் அது.

ஏழாம் படி: ஓட்டிப் பார்ப்பது

குளிர்ந்த எஞ்சினை நீங்களே கிளப்புங்கள். போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் இல்லாத விமானம் என்றால் கையால் புரொப்பெல்லர் சுற்றும் முறையை ஒரு பயிற்சியாளரிடம் முறையாகக் கற்ற பிறகே தொடுங்கள். தரையில் ஓட்டும்போது பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கிறதா, வால்சக்கரம் உதறுகிறதா என்று கவனியுங்கள். மேலே போய் மெதுவாகப் பறந்து, ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை, வரை கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு இறக்கை மட்டும் சட்டென்று விழுந்தால் இறக்கை சரியாக முறுக்கி வைக்கப்படவில்லை, அல்லது பழைய அடியின் மிச்சம். கூடவே கார்புரேட்டர் சூட்டை இழுத்துப் பாருங்கள். சின்ன கான்டினென்டல்களில் பனி சீக்கிரம் பிடிக்கும், ஆகவே அது நன்றாக வேலை செய்ய வேண்டும்.

எட்டாம் படி: வாங்கிய பிறகு பணம் எங்கே போக வேண்டும்

கையில் இருப்பது முழுவதையும் விமானத்தில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கணிப்பு. முதல் செலவு தோள்பட்டை பெல்ட். அந்தக் காலத்து விமானங்கள் பல இடுப்பு பெல்ட்டோடு மட்டும்தான் தொழிற்சாலையை விட்டு வந்தன. குறைந்த வேகத்தில் மரத்தில் மோதினாலும் முகம் போய் டாஷ்போர்டில் அடிக்கும். வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக். பழைய குட்இயர் அல்லது ரப்பர் பை வகைப் பிரேக் இருந்தால் கிளீவ்லாந்துக்கு மாற்றுங்கள். அப்புறம் நல்ல வால்சக்கரம், ஸ்காட் 3200 போன்றது. தட்டையாகிப்போன வால் ஸ்ப்ரிங்கையும் சேர்த்து மாற்றினால்தான் உதறல் நிற்கும். டயருக்கு 26 அல்லது 31 அங்குலம் தேட வேண்டாம். வெட்டிய புல்லுக்கும் கெட்டியான மண்ணுக்கும் 8.00 அல்லது 8.50 அகல டயர் போதும், எடையும் வேகமும் மிச்சம். புரொப்பெல்லரை மட்டும் மறக்காதீர்கள். வேகத்துக்கென்று செதுக்கியதைக் கழற்றிவிட்டு ஏறுவதற்கென்று செதுக்கியதைப் போட்டால், எஞ்சினைத் தொடாமலேயே விமானம் வேறு விமானம் மாதிரி எழும்பும். மணிக்குச் சில மைல் வேகம் போகும், போகட்டும்.

மிச்சப் பணம் மலைப் பறத்தல் பயிற்சிக்கு. ஐடஹோவில் இதைத் தொழிலாகவே சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் விமானத்திலேயே, அந்தப் பள்ளத்தாக்குகளிலேயே. பள்ளத்தாக்கின் ஓரமாகப் பறந்து திரும்ப இடம் வைத்துக்கொள்வது, எந்த இடத்துக்குப் பிறகு இறங்காமல் திரும்ப முடியாது என்று முன்பே முடிவு செய்வது, பாதையின் பாதியில் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் எழும்பாமல் நிறுத்துவது எல்லாம் அங்கே கால்களுக்கும் கண்களுக்கும் பழகும். முதல் பயணத்தை விடியலில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி டேங்க், லேசான மூட்டை, பக்கத்தில் பயிற்சியாளர். பத்து மணிக்குள் கூடாரத்தை அடித்துவிட்டு, மதிய வெயில் முழுவதும் விமானத்தின் இறக்கை நிழலில் உட்கார்ந்திருங்கள். மாலை குளிர்ந்த பிறகு மறுபடி கிளம்பலாம்.